இந்த வயசுல எதுக்கு டீச்சர் பெயிண்டிங்?



போன மாதம் நான் வரைந்த மூன்று படங்களை இங்கே போட்டிருந்தேன். ஒரு மண்பானை, எங்கள் தெரு வேப்பமரம், ஒரு சீப்பு பூவன்பழம். அன்றிலிருந்து போன் மேல் போன். "டீச்சர், எங்களுக்குக் கூட்டல் கழித்தல்தானே சொல்லிக் கொடுத்தீங்க, படம் போட எப்பக் கத்துக்கிட்டீங்க?" என்று 1994-இல் என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பிள்ளை கேட்டாள். "அக்கா, உனக்கு இருக்கிற வேலையில இது வேறயா?" என்றாள் என் தங்கை. தம்பி மகன், "அத்தை, ஃப்ரேம் போட்டு வித்துரலாம், நான் பார்த்துக்கிறேன்" என்கிறான். ஒவ்வொருவருக்கும் போனில் பாதிப் பாதியாகப் பதில் சொன்னேன். அதனால் மொத்தமாக இங்கேயே எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான். வேலையெல்லாம் முடித்துவிட்டு நிதானமாகப் படியுங்கள்.

முதலில் ஒன்று. படம் போடுவது எனக்குப் புதிது இல்லை. ஆசிரியர் பயிற்சி படித்த இரண்டு வருடமும் சார்ட்டும் கையுமாகத்தான் அலைந்தோம். கரும்பலகையில் சாக்பீஸால் கத்தரிக்காய் போட்டால் கடைசி வரிசைப் பிள்ளைக்கும் அது கத்தரிக்காய் என்று தெரிய வேண்டும். வண்ணத்துப்பூச்சி, நெல் நாற்று, பல்லின் அமைப்பு, தமிழ்நாட்டு வரைபடம் என்று 36 வருடம் போட்டிருக்கிறேன். அவ்வளவும் பாடத்துக்காகப் போட்ட படங்கள். மணி அடித்தால் டஸ்டரால் துடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவேன். எனக்காக என்று ஒரு படம்கூடப் போட்டதில்லை. அதற்கு நேரமும் இல்லை, தோன்றவும் இல்லை.

பிறகு எப்படித் தோன்றியது? உறவுகளுக்குத் தெரியும். பிள்ளைகளில் பலருக்குத் தெரியாது. இரண்டரை வருடத்துக்கு முன்னால் எங்கள் வீட்டு சாருக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் பாதிப்பு. பேச்சும் போய்விட்டது. நாம் சொல்வது எல்லாம் அவருக்குப் புரிகிறது. அவர் சொல்ல நினைக்கும் சொல்தான் வாய்க்கு வர மாட்டேன் என்கிறது. அவர் எப்படிப்பட்ட மனிதர் என்று என் வீட்டுக்கு வந்து போன பிள்ளைகளுக்கு நினைவிருக்கும். காலையில் பேப்பர் வந்தால் தலைப்புச் செய்தியிலிருந்து வரி விளம்பரம் வரை சத்தமாகப் படித்து விமர்சனமும் செய்வார். அந்தச் சத்தம் நின்ற பிறகு வீட்டில் குக்கர் விசிலும் சுவர்க் கடிகாரமும்தான்.

மருந்து, குளியல், உடற்பயிற்சி, கஞ்சி, மறுபடியும் மருந்து. நாள் முழுக்க ஓட்டம். ஆனால் மத்தியானம் அவர் தூங்கும் அந்த ஒன்றரை மணி நேரம்தான் எனக்கு மிகவும் கனமாக இருந்தது. வேலை இருந்தால் மனம் அதன் பின்னாலேயே போய்விடும். சும்மா உட்கார்ந்தால் போதும், அடுத்த வருடம் என்ன, அதற்கடுத்த வருடம் என்ன என்று கணக்குப் போட ஆரம்பித்துவிடும். டி.வி. பார்த்தாலும் காட்சிகள் கண்ணில் படும், மனசுக்குள் போகாது.

அப்போதுதான் பேத்தி மே மாத லீவுக்கு வந்துவிட்டு பீரோவில் விட்டுப் போன வாட்டர் கலர் பெட்டி கண்ணில் பட்டது. 12 வில்லைகள். கறுப்பும் சிவப்பும் பாதி தீர்ந்திருந்தன. எதிரே ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. அதை வரைந்தேன். படம் ஒன்றும் பிரமாதம் இல்லை. எலுமிச்சைக்கும் மாங்காய்க்கும் நடுவில் ஏதோ ஒன்று. ஆனால் நிமிர்ந்து பார்த்தபோது மணி நாலேகால் ஆகியிருந்தது. அந்த ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நான் எந்தக் கணக்கும் போடவில்லை. பல மாதங்களுக்குப் பிறகு தோள்பட்டை இறுக்கம் இல்லாமல் எழுந்து போய் டீ போட்டேன். அதுதான் ஆரம்பம்.

ஏன் இப்படி ஆகிறது என்று நானே யோசித்துப் பார்த்திருக்கிறேன். வாட்டர் கலரின் குணம் அப்படி. தாள் ஈரமாக இருக்கும்போது வண்ணத்தை வைத்தால் அது தானாகப் படரும். அந்த நேரத்தில் வேறெங்கும் பார்க்க முடியாது. அடுத்த பூச்சு வைக்க வேண்டுமென்றால் முதல் பூச்சு காய வேண்டும். அவசரப்பட்டுத் தொட்டால் இரண்டும் கலந்து சேறாகிவிடும். ஒரு நிமிடம் "சீக்கிரம்" என்கிறது, அடுத்த நிமிடம் "பொறு" என்கிறது. இந்த இரண்டுக்கும் பதில் சொல்லிக்கொண்டிருக்கும் மனசுக்கு அடுத்த வருடத்தைப் பற்றி யோசிக்க இடம் கிடைப்பதில்லை.

இன்னொன்று, வாட்டர் கலரில் வெள்ளை என்று தனியாக வண்ணம் பூசுவது குறைவு. தாளின் வெள்ளைதான் வெள்ளை. பழத்தின் மேல் வெளிச்சம் படும் அந்தச் சின்ன இடத்தை முதலிலேயே தொடாமல் விட்டுவைக்க வேண்டும். எல்லா இடத்தையும் நிரப்பிவிட்டுப் பிறகு வெளிச்சத்தைத் தேடினால் கிடைக்காது. என் நாளிலும் இப்போது அப்படித்தான் ஒரு மணி நேரத்தை முதலிலேயே விட்டுவைக்கிறேன்.

இது எனக்கு மட்டும் தோன்றும் பிரமையா என்ற சந்தேகமும் இருந்தது. பேத்தி ஒரு ஆய்வைப் பற்றி எடுத்துக் கொடுத்தாள். அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்தில் இருக்கும் ட்ரெக்ஸல் பல்கலைக்கழகத்தினர் 2016-இல் வெளியிட்டது. 39 பெரியவர்களை 45 நிமிடம் களிமண், ஸ்கெட்ச் பேனா, படம் வெட்டி ஒட்டுவது என்று விருப்பப்படி எதையாவது செய்யச் சொன்னார்கள். செய்வதற்கு முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து, மன அழுத்தத்தின்போது உடம்பில் கூடும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனை அளந்தார்கள். ஏறக்குறைய முக்கால்வாசிப் பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பே கலைப் பழக்கம் உள்ளவர்கள், இல்லாதவர்கள் என்ற வித்தியாசம் பெரிதாகத் தெரியவில்லையாம். 39 பேர் என்பது சின்ன எண்ணிக்கைதான், அதை வைத்து எல்லோருக்கும் இப்படித்தான் என்று முடிவு கட்ட முடியாது. ஆனாலும் "எனக்குப் படம் வராது டீச்சர்" என்று சொல்லும் பிள்ளைகள் அந்தக் கடைசி விஷயத்தைக் கவனியுங்கள். நன்றாக வரைந்தவருக்குத்தான் மனம் லேசாகும் என்று இல்லை.

படம் போட ஆரம்பித்த பிறகு என் கண் மாறிவிட்டது. வேப்பமரம் பச்சை என்றுதான் உங்களுக்கு நான் சொல்லிக் கொடுத்தேன், புத்தகத்திலும் அப்படித்தான். ஆனால் பங்குனியில் துளிர்க்கும் கொழுந்தைப் பாருங்கள். செம்புப் பாத்திரத்தைத் தேய்த்து வைத்த மாதிரி இருக்கும். காக்கையின் சிறகில் வெயில் படும்போது நீலம் ஓடும். வெள்ளைச் சுவரில் விழும் மர நிழல் கறுப்பு இல்லை; அதில் கொஞ்சம் நீலமும் கொஞ்சம் ஊதாவும் இருக்கிறது. முன்பு ஜன்னல் பக்கம் போவது கொடியில் காயும் துணியை எடுக்க மட்டும்தான். இப்போது பால்காரர் வருவதற்குள் வானம் எத்தனை நிறம் மாறுகிறது என்று பார்க்கிறேன். வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத எனக்கு இது பெரிய சம்பத்து. இதற்குப் பஸ் டிக்கெட் வேண்டாம்.

வண்ணங்களின் கதையும் சுவாரசியமானது. டீச்சர் என்பதால் சொல்லாமல் விட மனம் வரவில்லை. வாட்டர் கலரில் வண்ணப் பொடியைத் தாளில் ஒட்ட வைப்பது எது தெரியுமா? பிசின். வேலமர இனத்தைச் சேர்ந்த மரங்களிலிருந்து எடுப்பது. நாம் சின்ன வயதில் கருவேல மரத்தில் பிசின் சுரண்டி வந்து நோட்டு அட்டை ஒட்டுவோமே, அதற்குச் சொந்தக்காரப் பிசின்தான். அல்ட்ராமரின் என்று ஒரு நீலம். ஒரு காலத்தில் ஆப்கானிஸ்தானத்து மலையில் கிடைக்கும் ஒரு நீலக் கல்லை அரைத்து எடுத்தார்கள். ஐரோப்பாவில் தங்கம் போல விலை. 1820-களில் அதைச் செயற்கையாகச் செய்யக் கண்டுபிடித்தார்கள், விலை விழுந்தது. அதற்குப் பிறகு அதே நீலம்தான் வேட்டி சட்டைக்குப் போடும் நீலப் பொடியாக வீட்டுக்கு வீடு வந்தது. அரசர்களும் எண்ணி எண்ணி வாங்கிய வண்ணத்தில் நம் அம்மா வேட்டி அலசியிருக்கிறாள்!

நம் புதுக்கோட்டைக்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கம். சித்தன்னவாசலுக்கு நான் எத்தனை தடவை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன்! அறிவர் கோயிலின் விதானத்தில் அந்தத் தாமரைக் குளம். மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். சுண்ணாம்புப் பூச்சின் மேல் மண்ணிலும் கல்லிலும் கரியிலும் கிடைத்த நிறங்களை வைத்து வரைந்தது. காலம் நிறைய அழித்துவிட்டது. மிஞ்சியதைப் பார்க்கவே கழுத்து வலிக்க அண்ணாந்து நிற்போம். மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் அந்த மண்டபத்தைப் புதுப்பித்ததாக 9-ஆம் நூற்றாண்டுப் பாண்டியர் கல்வெட்டு அங்கே இருக்கிறது. ஆசிரியன் என்ற சொல்லைக் கல்லில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. அன்றைக்கெல்லாம் வரிசையில் நில்லுங்கள், சுவரைத் தொடாதீர்கள், 42 பேர் இருக்கிறீர்களா என்று எண்ணுவதிலேயே என் கவனம் இருக்கும். போன தை மாதம் தம்பி மகன் காரில் கூட்டிப் போனான். யாரையும் எண்ண வேண்டியதில்லை. ஒரு தாமரை இலை எப்படி வளைந்து திரும்புகிறது என்று மட்டும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இப்போது உங்களுக்குச் சொல்ல நினைத்த முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன்.

முதல் சில மாதம் நான் அவர் தூங்கும்போதுதான் வரைவேன். ஒரு நாள் அவர் விழித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறார். மறுநாளிலிருந்து அவர் நாற்காலிக்குப் பக்கத்திலேயே மேஜையைப் போட்டுக்கொண்டேன். இந்த இடத்துக்கு எந்த நிறம் வைக்கலாம் என்று கேட்டால் இடது கையால் வில்லையைக் காட்டுவார். சொல் வேண்டாத பேச்சு அது. நான் எடுத்தது பிடிக்கவில்லை என்றால் பழைய மாதிரியே உதட்டைப் பிதுக்குவார். அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வரும், அவருக்கும் வரும்.

ஒரு நாள் அவர் ஊர்க் கண்மாயை நினைவிலிருந்து வரைந்தேன். அறந்தாங்கிப் பக்கம் சின்ன ஊர். கல்யாணமாகிப் போனதிலிருந்து நான் பார்த்த கண்மாய்: கரை, மடை, இரண்டு பனை, தூரத்தில் அய்யனார் கோயில். முடித்துவிட்டுக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். தலையை ஆட்டினார், இல்லை என்று. பிரஷை வாங்கினார். இடது கையில் பிடித்து, காவி நிறத்தைத் தொட்டு, கரையின் வலது ஓரத்தில் தடிமனாக ஒரு கோடு வைத்தார். அதன் மேல் பச்சையை நாலைந்து முறை அழுத்தினார். மரம் என்று தெரிந்தது. அந்த இடத்தில் எனக்குத் தெரிந்து மரம் எதுவும் இல்லை. அவரிடம் கேட்டால் சொல்ல முடியாதே.

சாயங்காலம் நாத்தனாருக்குப் போன் போட்டேன். கேட்டவுடன் அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு, "அண்ணி, அங்க பெரிய இலுப்பை மரம் இருந்துச்சு. உங்க கல்யாணத்துக்கு முன்னாடியே ஒரு புயல்ல சாஞ்சுபோச்சு. அண்ணன் பள்ளிக்கூடம் விட்டு வந்து அது மேலதான் கெடப்பாரு. அப்பா கம்பெடுத்துக்கிட்டுப் போயி எறக்குவாரு" என்றார். நாற்பது வருடக் குடும்ப வாழ்க்கையில், அவ்வளவு பேசின மனிதர், அந்த மரத்தைப் பற்றி என்னிடம் சொன்னதே இல்லை. பேச்சு போன பிறகு சொன்னார். ஸ்பீக்கரில் தங்கச்சி சொல்லச் சொல்ல, அவர் அந்தப் பச்சையையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் கலங்கியிருந்தது. முகம் மட்டும் சந்தோஷமாக இருந்தது.

அதற்குப் பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் அவரும் வரைகிறார். பெரிதாக ஒன்றும் இல்லை, கோடும் திட்டும்தான். எனக்கு அப்போது ஓவியர் கோபுலு அவர்கள் ஞாபகம் வந்தது. ஆனந்த விகடனில் தில்லானா மோகனாம்பாளுக்குப் படம் போட்டவர். வலது கை முடங்கிய பிறகு இடது கையால் வரைந்து பழகியவர். அவரைப் பற்றி ஒரு நாள் சாரிடம் சொன்னேன். இடது கையைத் தூக்கிக் காட்டிவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "அவர் எங்கே, நான் எங்கே" என்று அர்த்தம்!

வயதைப் பற்றிக் கேட்டவர்களுக்கும் ஒரு செய்தி. அமெரிக்காவில் பாட்டி மோசஸ் என்று ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. 1860-இல் பிறந்தவர். பூவேலை செய்துகொண்டிருந்தவருக்கு மூட்டு வலியால் ஊசி பிடிக்க முடியவில்லை. எழுபது வயது தாண்டிய பிறகு பிரஷைப் பிடித்தார். பனி பெய்த வயல், அறுவடை, திருவிழா என்று தான் வாழ்ந்த ஊரையே வரைந்தார். உலகப் புகழ் வந்தது. 1961-இல் இறக்கும்போது வயது 101. அந்தக் கணக்கில் நான் இன்னும் பள்ளிக்கூடத்திலேயே சேரவில்லை.

தம்பி மகனுக்கு: கண்ணு, விற்க வேண்டாம். 36 வருடம் மாதம் பிறந்தால் சம்பளம் என்று வேலை பார்த்தாகிவிட்டது. யாரும் மார்க் போடாத ஒரு வேலை எனக்கும் இருக்கட்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் படம் வரையும்போது பார்த்திருக்கிறேன். சூரியனுக்குக் கண்ணும் மூக்கும் வைப்பார்கள், வீட்டை விட அம்மாவைப் பெரிதாகப் போடுவார்கள், வரைந்து முடித்தவுடன் ஓடிவிடுவார்கள். நான்காம் ஐந்தாம் வகுப்புக்கு வரும்போதுதான் ரப்பர் கேட்பார்கள், பக்கத்துப் பிள்ளை நோட்டை எட்டிப் பார்ப்பார்கள், "நல்லா இருக்கா டீச்சர்?" என்பார்கள். எனக்கு அந்த ஒன்றாம் வகுப்பு போதும்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். படம் போட்டால் நோய் குணமாகும் என்று நான் சொல்லவில்லை. சாருக்கு மருந்தும் பிசியோதெரபியும் பேச்சுப் பயிற்சியும் அதனதன் பாட்டுக்கு நடக்கின்றன. எனக்கும் தூக்கம் வராத இரவுகள் இப்போதும் உண்டு. மனபாரம் தாங்க முடியாமல் இருப்பவர்கள் கூச்சப்படாமல் டாக்டரைப் பாருங்கள். நான் சொல்வதெல்லாம், ஒரு நாளில் ஒரு மணி நேரம் மூச்சு விட இது ஒரு வழி என்பதுதான்.

ஆரம்பிக்க நினைப்பவர்களுக்கு, டீச்சர் பழக்கத்தில், சில குறிப்புகள்:

பெரிய செலவு செய்யாதீர்கள். 12 நிறப் பெட்டி ஒன்று, நடுத்தர அளவில் 6 அல்லது 8-ஆம் நம்பர் வட்டப் பிரஷ் ஒன்று போதும். செலவு செய்வதென்றால் தாளுக்குச் செய்யுங்கள். சாதாரண டிராயிங் நோட்டுத் தாள் தண்ணீர் பட்டால் சுருங்கிவிடும், 300 ஜி.எஸ்.எம். என்று கேட்டு வாங்கி, நாலாக வெட்டிக்கொள்ளுங்கள்.

இரண்டு டம்ளர் தண்ணீர் வையுங்கள். ஒன்று பிரஷ் கழுவ, ஒன்று வண்ணம் கலக்க. பக்கத்தில் பழைய பருத்தித் துணி. குடிக்கும் காபி டம்ளரைத் தூரமாக வையுங்கள், இது அனுபவம்!

நிழலுக்குக் கறுப்பை எடுக்காதீர்கள். நீலத்தையும் செம்பழுப்பையும் கலந்து பாருங்கள். அருமையான சாம்பல் நிறம் வரும்.

வண்ணம் காய்ந்தால் வெளிறும். அதனால் ஈரத்தில் கொஞ்சம் தூக்கலாகவே இருக்கட்டும்.

ஒரு வாரம் ஒரே பொருளை வரையுங்கள். ஒரு கத்தரிக்காய் போதும். ஏழாவது நாள் அதில் நீங்கள் பார்ப்பது முதல் நாள் பார்க்காததாக இருக்கும். வரைந்த பிறகு குழம்பு வைத்துக்கொள்ளலாம்.

முதல் ஒரு மாதம் யாருக்கும் காட்டாதீர்கள். போனில் படம் எடுக்கவும் வேண்டாம். தேதி மட்டும் போட்டு ஒரு கவரில் போட்டு வையுங்கள்.

வீட்டில் நோயாளியோ வயதானவர்களோ இருந்தால் அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து வரையுங்கள். "நீங்களும் வரைங்க" என்று வற்புறுத்த வேண்டாம். எந்த நிறம் வைக்கலாம் என்று மட்டும் கேளுங்கள்.

என் பிள்ளைகளில் பலருக்கு இப்போது ஐம்பது வயது நெருங்குகிறது. பி.பி. மாத்திரை, வீட்டுக் கடன், பிள்ளைகள் படிப்பு, பெற்றவர்களின் ஆஸ்பத்திரி என்று நீங்கள் ஓடுவது எனக்குத் தெரியும். போனில் உங்கள் குரலிலேயே தெரிகிறது. படம்தான் என்று இல்லை. பாட்டு, தையல், கோலம், தோட்டம், எதுவாக இருந்தாலும் சரி. உங்களுக்கென்று ஒன்று இருக்கட்டும்.

புதுக்கோட்டைப் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். சார் உங்களை எல்லாம் நன்றாக அடையாளம் கண்டுகொள்வார். பெயர் வரவில்லை என்றால் வருத்தப்படாதீர்கள். வரும்போது ஸ்வீட் எதுவும் வேண்டாம், இரண்டு பேருக்கும் சுகர். நல்ல தாள் கிடைத்தால் நாலு ஷீட் வாங்கி வாருங்கள். பச்சை வில்லை தீர்ந்துகொண்டே வருகிறது, அதுவும் ஒன்று. சார் மரம் மட்டும்தான் போடுகிறார்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்.